சமூக ஊடகம் தேர்தலை எப்படித் தொடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு மக்கள் ஓட்டை மாற்றிப் போடுகிறார்களா?

மிக அரிது. கட்சிப் பிடிப்பு, சாதி, மதம், விலைவாசி, வேலை, உள்ளூர் வேட்பாளரின் பெயர் எல்லாம் சேர்ந்து முடிவான ஓட்டை ஒரு காணொளி புரட்டிவிடாது. 2016 அமெரிக்கத் தேர்தலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இயங்கிய ரஷ்யப் பிரச்சார நிறுவனத்தின் பதிவுகள் 12.6 கோடி பேரின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ட்விட்டரில் இந்தப் பிரச்சாரம் யாரைச் சென்றடைந்தது என்று ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. வெறும் 1 சதவீதப் பயனர்கள்தான் மொத்தப் பார்வைகளில் 70 சதவீதத்தைப் பார்த்திருந்தார்கள். அதிகம் பார்த்தவர்கள் ஏற்கெனவே தீவிரக் குடியரசுக் கட்சிக்காரர்கள். பார்த்ததால் மனம் மாறியது என்பதற்கு அந்த ஆய்வில் தடயம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையே?

இருக்கிறது, வேறு இடத்தில். முகம் தெரியாத ஒருவரைச் சில வாரங்களில் எல்லோருக்கும் தெரிந்தவராக்குவது, கணக்கில் வராத பணத்தைப் பிரச்சாரத்தில் இறக்குவது, மறுப்புச் சொல்ல நேரமே இல்லாத கடைசி இரண்டு நாளில் ஒரு பொய்யை விடுவது, எண்ணிக்கை முடிந்தபின் "முடிவே பொய்" என்று நம்பவைப்பது: இவை நான்கும்தான் உலகெங்கும் உண்மையான சேதத்தைச் செய்திருக்கின்றன. ஆகவே எந்தத் தேர்தலைப் பார்த்தாலும் "இந்தப் பதிவு உண்மையா" என்பதோடு நிறுத்தாமல் "இதற்கு யார் காசு கொடுத்தார்கள், ஏன் இன்றைக்கு வந்தது" என்றும் கேட்க வேண்டும். பின்னால் வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே வரும்.

ஓட்டுப் போடாதவர்களைச் சாவடிக்கு வரவைக்க முடியுமா?

முடியும், அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2010 நவம்பர் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலின்போது ஃபேஸ்புக் 6.1 கோடிப் பேரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. "நான் ஓட்டுப் போட்டேன்" என்ற பொத்தானோடு, அதை அழுத்திய நண்பர்களின் முகங்களும் தெரியும் செய்தி ஒன்று பக்கத்தின் உச்சியில் வந்தது. முகம் இல்லாத வெறும் செய்தியைப் பார்த்தவர்களிடம் மாற்றம் இல்லை. முகங்களோடு பார்த்தவர்கள், அவர்களுடைய நெருங்கிய நண்பர்கள் என எல்லாம் சேர்த்து சுமார் 3.4 லட்சம் கூடுதல் வாக்குகள் விழுந்ததாக 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது.

நல்ல காரியம்தானே என்று தோன்றும். அந்தப் பொத்தானை யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்பது ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால் அவ்வளவு நிம்மதியாக இருக்காது.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாதான் ட்ரம்பை ஜெயிக்க வைத்ததா?

தேர்தல் ஆலோசனை நிறுவனமான அது தன் வாடிக்கையாளர்களிடம் விற்ற கதை அது. ஆளுமைச் சோதனை என்ற பெயரில் வந்த ஒரு செயலியை சுமார் 2.7 லட்சம் பேர் நிறுவினார்கள். அவர்களுடைய நண்பர்களின் தரவும் சேர்ந்து உறிஞ்சப்பட்டதால் எண்ணிக்கை 8.7 கோடி வரை போனது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர், தரவு போயிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர். தரவுத் திருட்டு நிஜம், அதற்காக 2019இல் அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்கு விதிக்கப்பட்ட 500 கோடி டாலர் அபராதமும் நிஜம். வாக்காளரின் மனதைப் படித்து ஓட்டை மாற்றும் மந்திரம் மட்டும் நிரூபிக்கப்படவே இல்லை.

டிக்டாக்கால் ஒரு தேர்தலே ரத்தானது என்கிறார்களே, எங்கே?

ருமேனியாவில். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மேலே சொன்ன நான்கில் முதல் இரண்டும் இங்கே ஒரே தேர்தலில் வந்து சேர்ந்தன.

2024 நவம்பர் 24 அன்று அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. அதில் முதலிடம் பிடித்தவர் கலின் ஜார்ஜெஸ்கு, சுமார் 23 சதவீதம். எந்தக் கட்சியும் பின்னால் இல்லாதவர். பிரச்சாரச் செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் காட்டிய கணக்கு: பூஜ்யம். அடுத்த நான்கு நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியதில் கோளாறு இல்லை என்று டிசம்பர் 2 அன்று முடிவை உறுதியும் செய்தது. இரண்டு நாள் கழித்து உளவுத்துறை ஆவணங்கள் சில பகிரங்கமாக்கப்பட்டன. டிசம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் முழுத் தேர்தலையும் ரத்து செய்தது. இரண்டாம் சுற்றுக்கு இரண்டே நாள் பாக்கி; வெளிநாடுகளில் உள்ள சாவடிகளில் ருமேனியர்கள் அன்றைக்கு ஏற்கெனவே ஓட்டுப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஆவணங்கள் விவரித்த முறை இது. சுமார் 25,000 டிக்டாக் கணக்குகள் வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாயின. அவற்றில் சில நூறு கணக்குகள் 2016லேயே தொடங்கப்பட்டு, அநேகமாகத் தூங்கிக்கொண்டிருந்தவை. ஒருங்கிணைப்பு டெலிகிராமில் நடந்தது. இன்னொரு பக்கம், பின்தொடர்வோர் அதிகமுள்ள இன்ஃப்ளூயன்சர்களுக்கு "நல்ல அதிபர் எப்படி இருக்க வேண்டும்" என்று பேசச் சொல்லிக் காசு கொடுக்கப்பட்டது. எந்த வேட்பாளர் பெயரையும் அவர்கள் சொல்லவில்லை, ஒரு பொதுவான ஹேஷ்டேக் மட்டும் போட்டார்கள். கீழே கமென்ட்டில் கூட்டமாக வந்து ஜார்ஜெஸ்குவின் பெயரை எழுதியவர்கள் வேறு ஆட்கள். காணொளியில் பெயர் இல்லை என்பதால் அது அரசியல் விளம்பரமாகப் பதிவாகவில்லை. ஆதரவுக் காணொளி போட்டவர்களுக்கு ஒரே கணக்கிலிருந்து ஒரு மாதத்தில் 3.81 லட்சம் டாலர் போயிருப்பதாகவும் ஆவணம் சொன்னது. அரசியல் விளம்பரமே கூடாது என்பது டிக்டாக்கின் சொந்த விதி, 2019 முதல்.

இதில் ஒரு திருப்பம். அந்த இன்ஃப்ளூயன்சர் பிரச்சாரங்களில் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது ஆட்சிக் கூட்டணியில் இருந்த தேசிய லிபரல் கட்சிதான் என்று வரித்துறை கண்டுபிடித்ததாக ருமேனியப் பத்திரிகையாளர்கள் பிறகு எழுதினார்கள். பெயர் சொல்லாமல் செய்த விளம்பரம் கடைசியில் யார் பெட்டியில் விழும் என்று காசு கொடுத்தவருக்கே தெரியவில்லை.

ரத்து செய்தது சரியா?

எங்கள் பார்வையில், செலவுக் கணக்கில் நடந்த மோசடியைத் தண்டிக்க வலுவான காரணம் இருந்தது. அதை மக்களுக்குக் காட்டிய விதம் பலவீனமானது. ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையமும் 2025 ஜனவரியில் ஏறக்குறைய இதையே சொன்னது: தேர்தலை ரத்து செய்வது மிக அரிதான கடைசி வழி, எந்த மீறல், என்ன ஆதாரம் என்று துல்லியமாகக் காட்ட வேண்டும், இரகசிய உளவுத் தகவலை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது. ஜார்ஜெஸ்கு மறுதேர்தலில் நிற்கத் தடை விதிக்கப்பட்டார். 2025 மே 18 அன்று நடந்த இறுதிச் சுற்றில் புகாரெஸ்ட் மேயர் நிகுஷோர் டான் சுமார் 53.6 சதவீதம் பெற்று வென்றார். ஐரோப்பிய ஆணையம் டிக்டாக் மீது 2024 டிசம்பர் 17 அன்றே முறையான விசாரணையைத் தொடங்கியிருந்தது.

டீப்ஃபேக் (ஏ.ஐ. வைத்துச் செய்த போலிக் காணொளி, போலி ஒலி) இதுவரை எங்காவது தேர்தலைத் தொட்டிருக்கிறதா?

அதிகம் பேசப்படும் உதாரணம் ஸ்லோவாக்கியா. 2023 செப்டம்பர் 30 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு ஒலிப்பதிவு பரவியது. முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சித் தலைவர் மிகால் ஷிமெச்காவும் ஒரு பத்திரிகையாளரும் ஓட்டுகளை எப்படித் திருடுவது என்று பேசிக்கொள்வதுபோல் செய்யப்பட்டது. பியர் விலையை ஏற்றப்போவதாக அவர் சொல்வதுபோல் இன்னொன்றும் வந்தது. பியர் நாட்டில் அது சின்ன விஷயமில்லை. வந்த நேரத்தைக் கவனியுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் அங்கே பிரச்சார ஓய்வு. ஊடகங்கள் தேர்தல் பற்றிப் பேசவே தயங்கும் நேரம். மேலும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் அப்போதைய விதி போலிக் காணொளியைத்தான் குறிப்பிட்டது, போலி ஒலியை அல்ல. இரண்டு ஓட்டைகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஷிமெச்கா தோற்றார். அதற்கு அந்த ஒலிப்பதிவுதான் காரணம் என்று சொல்ல முடியாது, வித்தியாசம் சுமார் 5 சதவீதப் புள்ளி.

காணொளியைவிட ஒலி ஆபத்தானது. உதட்டசைவு, நிழல், விரல் என்று சந்தேகப்பட எதுவும் இல்லை. தரம் மட்டமாக இருந்தால் "ஒளித்துப் பதிவு செய்தது போலிருக்கு" என்று நம்பிக்கை கூடத்தான் செய்யும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் குரலில் "முதல்நிலைத் தேர்தலில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஓட்டுப் போடாதீர்கள்" என்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்பு போனதும் ஒலிதான்.

கருணாநிதி ஏ.ஐ. காணொளியில் பேசினாரே, அதுவும் டீப்ஃபேக்தானே?

தொழில்நுட்பம் ஒன்றுதான். 2018 ஆகஸ்ட்டில் மறைந்தவர் 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் விழாவில் திரையில் தோன்றி வாழ்த்தியதைப் பார்த்த யாரும் அவர் உயிரோடு இருப்பதாக ஏமாறவில்லை. ஸ்லோவாக்கியாவில் நடந்தது வேறு: ஏமாற்றுவதற்கென்றே, பேர் போடாமல் விடப்பட்டது. இருந்தாலும் இறந்த தலைவர் இன்றைய வேட்பாளரை ஆதரித்துப் பேசலாமா என்ற கேள்வி நிற்கிறது. செய்தவர் யார், செயற்கையாகச் செய்தது என்று திரையில் தெரிகிறதா என்பதுதான் குறைந்தபட்ச அளவுகோல். 2025 அக்டோபரில் பீகார் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொன்ன அளவு இது: முத்திரை படப்பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தை மறைக்க வேண்டும், ஒலியானால் முதல் 10 சதவீத நேரத்தில் அறிவிப்பு வர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பார்வேர்டைக் கட்டுப்படுத்திவிட்டார்களே, பிறகும் எப்படிப் பரவுகிறது?

2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுக்குத்தான் பார்வேர்டு என்று வைத்தார்கள், 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தி ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் போகும். அந்த வகைச் செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது.

இதில் உள்ள பொத்தல் எங்கே என்றால், காணொளியைப் போனில் இறக்கி மறுபடி ஏற்றினால் அது புதுச் செய்தி, அம்புக்குறி மறைந்துவிடும். எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலும் அப்படியே. கட்சிகளின் ஐடி விங் வேலை செய்வது பார்வேர்டை நம்பி அல்ல. பூத் வாரியாகக் குழுக்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பாளர் தன் கையால் புதிதாக ஏற்றுவார். குழுவுக்கு 1,024 பேர் வரை என்பதால் ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதையும் எட்டச் சில நூறு குழுக்கள் போதும். குழுவில் நடப்பது வெளியே யாருக்கும் தெரியாது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய மறையாக்கம் இருப்பதால் நிறுவனத்துக்கும் தெரியாது. யார் காசு கொடுத்தார்கள் என்று காட்டும் விளம்பர நூலகம் இல்லை, செலவுக் கணக்கும் இல்லை.

அம்புக்குறி இல்லாத ஒரு காணொளி, அனுப்பியவருக்கு எடுத்தவர் யாரென்றே தெரியாது என்றால், அந்தக் குறி இல்லாததே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

பொய் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? எல்லாம் பாட் கணக்குகளா?

இல்லை, நாம்தான். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுமார் 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், 1,500 பேரை அடைய உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்தது.

"எண்ணிக்கையில் மோசடி" என்ற வதந்தியை எப்படிச் சமாளிப்பது?

முடிவுக்குப் பிறகு மறுப்பு வெளியிடுவது பெரும்பாலும் வீண். எண்ணும் முறையை முன்கூட்டியே மக்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தைவானில் மாலை 4 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே சாவடியில் எண்ணுவார்கள். ஒருவர் சீட்டைத் தூக்கிக் காட்டிப் பெயரை உரக்கப் படிப்பார். இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுமையாகும். பொதுமக்கள் நின்று பார்க்கலாம். 2024 ஜனவரி 13 தேர்தலுக்குப் பிறகு சில நொடித் துண்டுகளை வெட்டி மோசடி என்று பரப்பியபோது, முழு நடைமுறையையும் நேரில் பார்த்திருந்தவர்களிடம் அது எடுபடவில்லை.

பிரேசில் தண்டனை வழியில் போனது. 2018 வாக்குப்பதிவு நாளில் இயந்திரத்தில் மோசடி என்று ஃபேஸ்புக் நேரலையில் சொன்ன பரானா மாநில சட்டமன்ற உறுப்பினரின் பதவியை 2021 அக்டோபரில் உச்ச தேர்தல் நீதிமன்றம் பறித்தது. அதன் பிறகும் 2023 ஜனவரி 8 அன்று தலைநகரில் நாடாளுமன்றத்துக்குள், தேர்தல் முடிவே மோசடி என்று நம்பிய கூட்டம் புகுந்தது. தண்டனை மட்டும் போதவில்லை.

இந்தியாவில் "ஓட்டு எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை" என்று பார்வேர்டு வந்தால் கேட்க வேண்டிய காகிதம் படிவம் 17சி. சாவடி மூடும்போது அந்த இயந்திரத்தில் பதிவான மொத்த வாக்குகளை எழுதி, அங்கிருக்கும் முகவர்களுக்கு நகல் தருவார்கள். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தத்தை அதோடு ஒப்பிடலாம். சாவடியின் எண்ணும் 17சியும் இல்லாத குற்றச்சாட்டைப் பகிர வேண்டியதில்லை. அவை இரண்டும் இருக்கும் குற்றச்சாட்டைக் கேலி செய்து ஒதுக்கவும் கூடாது.

ஒரு பக்கம் யார் காசில் ஓடுகிறது என்று நாமே பார்க்கலாமா?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கு மெட்டாவின் விளம்பர நூலகம் இருக்கிறது. கணக்கு இல்லாமலே திறக்கலாம்.

1. நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். விளம்பர வகையில் சமூகப் பிரச்சினை, தேர்தல், அரசியல் என்பதை எடுங்கள்.
2. கட்சிப் பெயரை மட்டும் தேடாதீர்கள். எதிர்க்கட்சித் தலைவரின் பட்டப்பெயரையும் கேலிப்பெயரையும் தேடுங்கள். பினாமிப் பக்கங்கள் அங்கேதான் அகப்படும்.
3. விளம்பரத்தைத் திறந்து "காசு கொடுத்தவர்" வரியைப் படியுங்கள். செலவும் பார்வையும் துல்லியமாக இருக்காது, இதிலிருந்து இதுவரை என்று வீச்சாகத்தான் இருக்கும். வயது, பாலினம், மாநிலம் வாரியாக யாருக்குக் காட்டப்பட்டது என்பதும் தெரியும்.
4. பிறகு "எல்லா விளம்பரங்களும்" என்ற வகையிலும் அதே பக்கத்தைத் தேடுங்கள். அரசியல் என்று அறிவிக்காமல் ஓடுபவை அங்கே இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும், எனவே அன்றே படம்பிடித்து வையுங்கள். அரசியல் வகையில் உள்ளவை மட்டும் ஏழு ஆண்டு இருக்கும்.

இன்ஃப்ளூயன்சருக்கு நேரடியாகக் கொடுத்த பணம் இந்த நூலகத்தில் வராது. ருமேனியாவில் நடந்தது அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபரில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டன. விளம்பரம் நின்றதும் காசு இப்படிப் பார்க்க முடியாத வழிக்குத்தான் போகும் என்பது எங்கள் சந்தேகம்.

இந்தியாவில் இந்தச் செலவெல்லாம் கணக்கில் வராதா?

வேட்பாளர் செய்தால் வர வேண்டும். 2013 அக்டோபரிலேயே தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது: இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம், உள்ளடக்கம் தயாரித்த செலவு, கணக்கை நடத்துபவர்களின் சம்பளம் எல்லாம் வேட்பாளர் செலவுதான். மக்களவைக்குப் பெரிய மாநிலங்களில் உச்சவரம்பு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. "நண்பர்கள்", "ரசிகர்கள்" பெயரில் ஓடும் பக்கங்கள் இரண்டிலும் சேராமல் நழுவிவிடும்.

தேர்தல் நேரத்தில் சமூக ஊடகத்தையே நிறுத்திவிட்டால்?

உகாண்டா 2021 ஜனவரி தேர்தலில் முதலில் சமூக ஊடகத்தையும் பிறகு மொத்த இணையத்தையும் நிறுத்தியது. சாவடியிலிருந்து படமும் புகாரும் அனுப்ப வேண்டிய எதிர்க்கட்சி முகவர்கள்தான் அதில் முடங்கினார்கள். இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி முஸ்லிம் எதிர்ப்பு வன்முறையின்போது ஒரு வாரம் போலத் தடை இருந்தது. தடை செய்த தளங்களுக்கு இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் வழியாக மக்கள் போய்விட்டார்கள். நேபாளம் 2025 செப்டம்பரில் 26 தளங்களை மூடியது. சில நாட்களிலேயே இளைஞர் போராட்டம் வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள், பிரதமர் ஒலி பதவி விலகினார். இடைக்காலப் பிரதமராக யார் வரலாம் என்று போராட்டக்காரர்கள் விவாதித்தது டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தில்.

தேர்தல் நேரத்தில் ஒரு போலிக் காணொளி கண்ணில் பட்டால் என்ன செய்வது?

முதலில் யாருக்கும் அனுப்பாதீர்கள், "இது பொய்" என்று எழுதிக்கூட. அடுத்த கைக்கு உங்கள் வரி போகாது, காணொளி மட்டும் போகும்.

பதிவின் இணைப்பை நகலெடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, நேரம், கணக்கின் பயனர்பெயர் மூன்றும் தெரிய வேண்டும். காட்டும் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம். பொதுப் பதிவானால் இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து வையுங்கள், நீக்கினாலும் ஆதாரம் இருக்கும். காணொளியை இடையிடையே நிறுத்தி இரண்டு மூன்று படமெடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். தேர்தல் பொய்களில் ஏ.ஐ. செய்ததைவிட, வேறு ஊரில் வேறு வருடம் எடுத்த பழைய காணொளிகள்தான் மிகுதி. பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த இடமும் நேரமும் தேடிப் பயனில்லை, அனுப்பும்போதே அந்தத் தரவு உதிர்ந்துவிடும்.

பிறகு புகார். தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், அதோடு மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 1950 என்ற எண்ணில் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி சாலையில் நடக்கும் மீறலை அந்த இடத்திலேயே படமெடுத்து அனுப்புவதற்கு. கேலரியில் உள்ளதை அது ஏற்காது. போலியை வெளியிட்டது ஒரு கட்சியின் கணக்கே என்றால், 2024 மே மாத உத்தரவுப்படி தெரிய வந்த 3 மணி நேரத்துக்குள் அவர்கள் நீக்க வேண்டும். எனவே நீங்கள் தெரிவித்த நேரத்தைப் புகாரில் எழுதுங்கள். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றி எதிர் வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ வேண்டுமென்றே சொன்ன பொய்யானால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) பிரிவின்கீழ் அது முறைகேடு. அதை வைத்துத் தேர்தல் வழக்குப் போட முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். அப்போது நீதிமன்றம் கேட்பது நீங்கள் அன்றைக்கு எடுத்து வைத்த இணைப்பையும் நேரத்தையும்தான்.